கல்லீரல் சுருக்கமும் புரத உணவும்

ஐயா, கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) உள்ள தங்கள் தந்தையாருக்கு ஒருமுறை மனக்குழப்பம் வந்தபின் உறவினர் சொற்படி பருப்பையும் தயிரையும் நிறுத்தியதில் தோள்சதை கரைந்துவிட்டது என்றும், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் அடங்கிய பொடி தரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

புரதம் சிதைவதில் உண்டாகி, மிகுந்தால் மனக்குழப்பம் தரும் கழிவு அம்மோனியா; கல்லீரலால் அகற்ற முடியாத அதைத் தசை தன்னால் இயன்றவரை ஏற்று மாற்றுகிறது. அந்த வேலையில் லூசின், ஐசோலூசின், வாலின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களும் செலவாகி இரத்தத்தில் குறைய, கல்லீரலில் சிதைய வேண்டிய பினைல்அலனின், டைரோசின் என்னும் வேறிரு அமினோ அமிலங்கள் தேங்குகின்றன. புரதத்தை நிறுத்தினால் தசை இன்னும் உருகி, அம்மோனியாவை ஏற்க இடமின்றிப் போகும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். ஆகவே மருத்துவரிடம் கேட்டு, நம் திருநெல்வேலிப் பக்கத்து உளுந்தம்பருப்புச் சோற்றை உப்புக் குறைத்தும், தயிரையும் மீண்டும் கொடுங்கள். படுக்குமுன் ஒரு சிற்றுண்டியை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள், ஏனெனில் நீண்ட இரவுப் பட்டினியிலும் தசை கரையும். உணவால் போதிய புரதம் சேராதபோது அந்த மூன்று அமினோ அமிலங்கள் உள்ள பொடியை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்கலாம்.