சத்தமும் சங்கதியும்: வாசகர் கேள்விகள்

என் மகன் தினமும் காலையில் லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ஒன் ஸ்டெப் க்ளோசர்' பாட்டை அலறவிடுகிறான். அந்தப் பாடகர் யாரைப் பார்த்து அப்படிக் கத்துகிறார்?
– ஓர் அம்மா, மதுரை

உங்களைப் பார்த்து அல்ல, அம்மா. தயாரிப்பாளரைப் பார்த்து!

2000-ஆம் ஆண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் நார்த் ஹாலிவுட் பகுதியில் என்.ஆர்.ஜி. என்ற ஸ்டுடியோ. பல கம்பெனிகள் கைவிரித்த பிறகு, ஒருவழியாக வார்னர் பிரதர்ஸ் மூலம் முதல் ஆல்பம் போட வாய்ப்புப் பெற்ற பையன்கள். தயாரிப்பாளர் டான் கில்மோர். 'ரன்அவே' என்ற பாட்டின் வரிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் 'மாற்று' என்கிறார். மாற்றிக் கொடுத்தால் 'இன்னொரு தடவை' என்கிறார். பாடகர் செஸ்டர் பென்னிங்டனும், குழுவில் ராப் பாடும் மைக் ஷினோடாவும் நொந்துபோனார்கள். அந்தக் கடுப்பையே வரிகளாக்கியதுதான் இந்தப் பாட்டு. நடுவில் 'நான் பேசும்போது வாயை மூடு' என்ற பொருளில் ஒரு கத்தல் வருகிறதே, அதைக் குறிப்பாகக் கேளுங்கள். திட்டு வாங்கியவரே தயாரித்த திட்டு அது. கில்மோரின் பெருந்தன்மைக்கு ஒரு கும்பிடு.

இன்னொன்று. பாட்டு இரண்டரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். மகன் ஒரே ஒரு தடவை போட்டால் நீங்கள் இட்லி ஊற்றி மூடுவதற்குள் முடிந்துவிடும்.

'நு மெட்டல்' என்றால் என்ன? ஒரு வரியில் சொல்லவும்.
– கல்லூரி மாணவர், ஈரோடு

சுருதியைத் தாழ்த்திய கனமான கிடாரோடு ஹிப்-ஹாப்பின் தாளம், ராப், டி.ஜே. இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் 'ஸ்க்ராட்ச்' ஒலி எல்லாம் சேர்ந்தது. நீண்ட கிடார் ஸோலோ எதிர்பார்க்காதீர்கள். வேடிக்கை என்னவென்றால், ராப்புக்குப் பேர்போன ஷினோடா தங்கள் முதல் சிங்கிளான (தனியாக வெளியிட்ட பாட்டான) 'ஒன் ஸ்டெப் க்ளோசர்' பாட்டில் ராப் பாடவே இல்லை.

'ஒன் ஸ்டெப் க்ளோசர்' வீடியோவைப் பத்துத் தடவை பார்த்துவிட்டேன். சுரங்கத்தில் பறக்கும் முக்காடு போட்ட சாமியார்கள் யார் சார்? கதை என்ன?
– வாசகர், திருநெல்வேலி

கதை என்று தேடினால் தலைவலிதான் மிஞ்சும். இருட்டுச் சந்தில் சில இளவட்டங்கள் வெட்டியாக நிற்கிறார்கள். முக்காடு போட்ட ஓர் ஆள் ஒரு கதவுக்குள் நுழைகிறான். இரண்டு பேர் பின்னாலேயே போகிறார்கள். உள்ளே புகை மண்டிய சுரங்கம். அங்கே லிங்கின் பார்க் வாசிக்கிறது. சுற்றிலும் சாமியார்கள் குங்ஃபூ போட்டுச் சுவரிலும் கூரையிலும் திரிகிறார்கள். அவ்வளவுதான். இந்த யோசனை டி.ஜே. ஜோ ஹானுடையது. பின்னாளில் இந்தக் குழுவின் பல வீடியோக்களை அவரே இயக்கினார், ஆசை அப்போதே தெரிகிறது.

இதை இயக்கியவர் கிரெகரி டார்க். பிரிட்னி ஸ்பியர்ஸின் உருக்கமான காதல் பாட்டு ஒன்றுக்கும் வீடியோ எடுத்தவர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள் என்று நம்பமாட்டீர்கள். சுரங்கம் செட் அல்ல, லாஸ் ஏஞ்சலிஸில் தரைக்கு அடியில் கைவிடப்பட்ட நிஜச் சுரங்கப்பாதை.

சாமியார்களை மறந்துவிட்டு, பாதிக்கு மேல் வரும் அந்த ஓர் இடத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். கிடார் பின்வாங்குகிறது. ஹானின் ஸ்க்ராட்ச் கேட்கிறது. பாட்டு மூச்சு வாங்குகிறதோ என்று நினைக்கும்போது கத்தல் வெடிக்கிறது. அந்த நேரத்தில் செஸ்டர் கூரையில் தலைகீழாக இருக்கிறார்! என்னிடம் கிடார் படிக்க வரும் பையன்கள் எல்லோரும் முதலில் கேட்பது இந்தப் பாட்டைத்தான். விரல்கள் சீக்கிரம் படிந்துவிடும். அந்த இடத்துக்கு முன்னால் கொஞ்சம் அடக்கி வாசிக்கத்தான் ஒருத்தருக்கும் பொறுமை இருக்காது. ஆரம்பத்திலேயே கத்தித் தீர்த்துவிட்டால் அங்கே கத்த என்ன மிச்சம் இருக்கும்?

வீடியோவில் பேஸ் கிடார் வாசிப்பவர் ஃபீனிக்ஸ் மாதிரி இல்லையே?
– வாசகி, கோவை

கூர்மையான கண்ணு உங்களுக்கு! அவர் ஸ்காட் கோஸியோல். குழுவின் வழக்கமான பேஸ் கலைஞர் 'ஃபீனிக்ஸ்' டேவ் ஃபாரல் அப்போது குழுவில் இல்லை, பிறகு திரும்பி வந்தார்.

லிங்கின் பார்க்கின் 'இன் தி எண்ட்' தானே உலகமே பாடும் பாட்டு? அதை விட்டுவிட்டு 'ஒன் ஸ்டெப் க்ளோசர்' பாட்டை ஏன் முதலில் இறக்கினார்கள்?
– ஐ.டி. ஊழியர், சென்னை

அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 'இன் தி எண்ட்' 2-ஆம் இடம்வரை போனது, 'ஒன் ஸ்டெப் க்ளோசர்' 75-ஆம் இடத்துக்கு மேலே ஏறவில்லை. எண்ணிக்கையில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 'இன் தி எண்ட்' பியானோவில் தொடங்கும் பாட்டு. அதை முதலில் விட்டிருந்தால் ராக் ரேடியோக்காரர்கள் 'இதுவும் ஒரு பாப் குழு' என்று ஓரங்கட்டியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. 'ஒன் ஸ்டெப் க்ளோசர்' முதலில் போய்க் கதவை உதைத்துத் திறந்தது. 2000 அக்டோபர் 24 அன்று 'ஹைப்ரிட் தியரி' ஆல்பம் வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் அதுதான். பியானோ பாட்டு அப்புறம் நிதானமாக வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

எனக்கு எது பிடிக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: 'ஒன் ஸ்டெப் க்ளோசர்'தான், வீடியோ இல்லாமல்.