வன்னியில் பேட்டி எடுத்து லண்டனில் எழுதப்போகும் தங்கச்சிக்கு

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 தொடக்கம் போராடிவரும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரைப் பற்றி முதுகலை ஆய்வு எழுதினால் லண்டனில் பல்கலைக்கழகம் தடுக்குமா, விசாவுக்குப் பிரச்சினை வருமா என்று கேட்டிருந்தீர்கள், தங்கச்சி.

பயப்பிடாமல் எழுதுங்கோ. இங்கிலாந்தில் உயர்கல்விப் பேச்சுச் சுதந்திரத்துக்கென்று 2023 இல் வந்த சட்டத்தின் முக்கிய கடமைகள் 2025 ஆகஸ்ட் 1 இலிருந்து நடைமுறையில் இருக்கு. சட்டத்துக்கு உட்பட்ட பேச்சைப் பல்கலைக்கழகம் காக்கவேண்டும், விரிவுரையாளருக்கு மட்டுமில்லை, மாணவருக்கும். ஆனால் 'சட்டத்துக்கு உட்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கோ. புலிகள் அமைப்பு இங்கே 2001 இலிருந்து தடையில் இருக்கு. அதன் வரலாற்றை ஆராயலாம், விமர்சிக்கலாம். ஆதரவு திரட்டினாலோ, ஆதரவாளர் என்று சந்தேகம் வரும்படி பொது இடத்தில் கொடி பிடித்தாலோ வழக்கு வரும்.

எனக்குக் கவலை உங்களோடு கதைக்கப்போகும் அம்மாவைப் பற்றித்தான். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். சிவில் உடையில் இரண்டு பேர் வந்து "ஆர் வந்தது, என்ன கேட்டது" என்றால் பதில் சொல்லவேண்டியவர் அவர்.

ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு முன் எடுத்த பேட்டியை ஆய்வில் சேர்க்க விடமாட்டார்கள். ஆகவே டிக்கெட் போடமுதல் விண்ணப்பியுங்கோ. திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவது வழமை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக்கு இடம் இருக்கும். பெயரும் திகதியும் சேர்ந்த அந்தத் தாள்தான் வன்னியில் ஆபத்து. வாய்மொழி ஒப்புதல் போதும் என்று காரணத்தோடு கேளுங்கோ. மேற்பார்வையாளருக்கு வன்னி தெரியாமல் இருக்கலாம், நீங்கள்தான் விளங்கப்படுத்தவேண்டும்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறதுதான் பெரிய பிழை. 'வட்டுவாகல் பாலத்தடியில் கடை வைத்திருக்கும், இரண்டு மகன்மாரை இராணுவத்திடம் கையளித்த தாய்' என்று எழுதினால் ஊரே ஆளைச் சொல்லிவிடும். ஊருக்குப் பதில் மாவட்டம் போடுங்கோ. தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் விடுங்கோ. தாய்மார் இருந்து போராடும் கூடாரத்தடியில் வைத்துப் பேட்டி எடுக்கவேண்டாம். எந்த இடம் பாதுகாப்பு என்று அவரே சொல்லட்டும்.

ஒலிப்பதிவை அன்றிரவே பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் ஏற்றி, ஏறினதை உறுதிசெய்து, போனிலிருந்து அழியுங்கோ. வாட்ஸ்அப்பில் ஆருக்கும் அனுப்பவேண்டாம். உண்மைப் பெயர் எது, மாற்றுப் பெயர் எது என்ற பட்டியலைத் தனிக் கோப்பாக, வேறிடத்தில் வையுங்கோ. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகேக்க போனில் ஒன்றும் மிஞ்சக்கூடாது.

ஆய்வேடு நூலக இணையத்தில் ஏறுமா என்று இப்பவே கேளுங்கோ. ஏறுமென்றால், சில வருடம் பூட்டிவைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.