சைடு சீலுக்கு எவ்வளவு இடைவெளி?

கேள்வி: என்னிடம் 1993 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இருக்கிறது. 13பி ட்வின் டர்போ ரோட்டரி எஞ்சினைப் பிரித்துவிட்டேன், சைடு சீல் எல்லாம் புதிதாகப் போடப்போகிறேன். கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் வாயு அழுத்தம்) ஏற வேண்டுமானால் இடைவெளி 0.02 மி.மீ. வைக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். டர்போ வண்டிக்கு 0.2 வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? எல்லா சீலையும் ஒரே நீளத்துக்கு அராவி வைத்துக்கொள்ளலாமா?
– ஈப்போ வாசகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. ஒரே நீளத்துக்கு அராவாதீர்கள். இந்த எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழல்கிறது; அதன் தட்டைப் பக்கத்தில் வாயு கசியாமல் தடுக்கும் பட்டைதான் சைடு சீல், மூலைகளில் இருப்பது கார்னர் சீல். ரோட்டரின் ஒரு பக்கத்துக்கு மூன்று சைடு சீல், இரு பக்கமும் ஆறு, ஆக இரண்டு ரோட்டருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் அதன் சொந்த குரூவில் (பள்ளத்தில்), இரு முனையிலும் அங்கேயே உட்காரப்போகிற கார்னர் சீலோடு வைத்துத்தான் அளக்க வேண்டும். ஓடிய ரோட்டரில் மூன்று குரூவும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்பவே கூடாது.

சீல் முனைக்கும் கார்னர் சீலுக்கும் நடுவே மாஸ்டா கொடுத்திருக்கும் இடைவெளி 0.05 முதல் 0.15 மி.மீ. வரை. 0.4 தாண்டினால் சீலை மாற்றியே ஆக வேண்டும். உங்கள் வண்டிக்கு நானாக இருந்தால் 0.08 பக்கத்தில் நிறுத்துவேன். 0.02 வேண்டவே வேண்டாம். ரோட்டருக்குள் எண்ணெய் ஓடி அதைக் குளிர்விக்கிறது. சைடு சீலோ ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத இரும்புப் பட்டை, எரியும் வாயு நேராகப் படுகிற இடத்தில் இருக்கிறது. அது சட்டென்று சூடாகி நீளும். நீளுவதற்கு இடமில்லை என்றால் கார்னர் சீலை முட்டித் தள்ளும், கார்னர் சீல் இறுகி உள்ளே வெளியே போக முடியாமல் நிற்கும், சீலும் வளையும். கம்ப்ரஷனுக்காகச் செய்த வேலை கம்ப்ரஷனையே கெடுத்துவிடும். 0.2 வைத்தால் எஞ்சின் உடையாது, ஆனால் முதல் நாளிலிருந்தே முனைகளில் வாயு கசியும். புதுச் சீல் வாங்கிப் போட்டுவிட்டு அதை ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

அளப்பதற்கு முன் குரூவைச் சுத்தம் செய்யுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். உடைந்த பழைய சைடு சீல் துண்டு ஒன்றை எடுத்து, அதன் முனையால் கரியைச் சுரண்டுங்கள். அகலம் சரியாகப் பொருந்தும், குரூவின் சுவரும் கெடாது. அப்புறம் புதுச் சீலைக் குரூவில் வைத்துப் பக்கவாட்டு இடைவெளியைப் பாருங்கள். 0.028 முதல் 0.078 வரை சரி, 0.10 தாண்டினால் அந்த ரோட்டரைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும்.

இனி அராவும் வேலை. ஒரு முனையை மட்டும் தொடுங்கள். சீலைத் தட்டையான கட்டையில் அழுத்திப் பிடித்து, மிக நைஸான அரத்தால் ஒரே திசையில் இரண்டு இழுப்பு, உடனே குரூவில் வைத்து அளவு. மறு முனை கார்னர் சீலைத் தொடும்படி தள்ளிவிட்டு, அராவிய முனையில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விடுங்கள். 0.05 தகடு வழுக்கிக்கொண்டு போக வேண்டும், 0.15 நுழையவே கூடாது. சீலின் முனை கார்னர் சீலின் வளைவோடு ஒட்டி இருக்க வேண்டும். நேராக வெட்டிவிட்டால் நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் ஒரு அளவு காட்டும். வளைவு கெட்டுப்போனால் பழைய கார்னர் சீல் ஒன்றின் மேல் நைஸ் எமரித் தாளைச் சுற்றித் தேய்த்தால் சரியாகிவிடும். முடிந்ததும் முனையில் நிற்கும் பிசிறை எண்ணெய்க் கல்லில் எடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறுகூடச் சீலைக் குரூவில் மாட்டவைக்கும். பிறகு எந்த ரோட்டர், எந்த முகம், எந்தப் பக்கம் என்று எழுதிய அட்டையில் குத்தி வையுங்கள். கலந்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

ஸ்பிரிங்கோடு பொருத்திய பிறகு சீல் ரோட்டரின் தட்டைப் பக்கத்துக்கு மேலே 0.5 மி.மீட்டராவது எழும்பி நிற்க வேண்டும். விரலால் அழுத்திவிட்டால் தானாக எழுந்து வர வேண்டும். ரோட்டரின் பக்கத்தை மூடும் சைடு ஹவுசிங்கையும் பாருங்கள்: சீல் உரசிய தடத்தில் 0.10 மி.மீட்டருக்கு மேல் படி விழுந்திருந்தால், இங்கே எவ்வளவு துல்லியமாக அராவினாலும் பயனில்லை.

கேள்வி: என் ஆர்எக்ஸ்-8 காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் திரும்பக் கிளம்ப மறுக்கிறது. இதுவும் சீல் பிரச்சினைதானா?
– கிள்ளான் வாசகி

பதில்: பெரும்பாலும் கம்ப்ரஷன் குறைந்ததன் அடையாளம் அம்மா, ஆனால் அளக்காமல் எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள். பேட்டரி, ஸ்பார்க் பிளக், காயில் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ரோட்டரிக்கென்றே இருக்கும் டெஸ்டரில் சோதனை. சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகமானதை மட்டுமே காட்டி உங்களை ஏமாற்றிவிடும். 250 ஆர்பிஎம் கணக்கில் எந்த முகமும் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்கக் கூடாது, ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 150-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு ரோட்டரின் ஆறு எண்களையும் தாளில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு செலவைப் பற்றிப் பேசுங்கள்.