கடலோரத் தெருவின் கேள்விகள்

கடலை ஒட்டிய குடியிருப்பு ஒன்றின் நலச்சங்கத்தில் சேர்ந்த கேள்விகள் இவை. கட்டடப் பராமரிப்பும் நிலத்தடி நீரும் அறிந்த உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: சார், எங்கள் பால்கனியின் அடிப்பக்கம் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிந்தது. கொத்தனார் நன்றாகத்தான் பூசிக் கொடுத்தார். ஒன்றரை வருடத்தில் அதற்குப் பக்கத்திலேயே பெயர்கிறது. சிமென்ட் சரியில்லையா, வேலை சரியில்லையா?

பதில்: பூசிய இடம் அப்படியே நிற்க, அதன் ஓரத்தில் பெயர்கிறது என்றால் சிமென்ட்மீது பழி போடாதீர்கள். கம்பியைத் துரு அண்டாமல் காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் அந்தக் காப்பு உடைகிறது. துருப்பிடிக்கும் இடம் பேட்டரியின் ஒரு முனையைப் போல வேலை செய்யும். அது கரையும் வரை பக்கத்துக் கம்பி தப்பித்துக்கொண்டிருக்கும். நீங்கள் அந்த ஒரு இடத்தை மட்டும் சுத்தம் செய்து உப்பில்லாத புதுக் கலவை வைத்தீர்கள். இப்போது அது தப்பித்தது. ஓரத்தில், பழைய உப்புக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு முறை வந்துவிட்டது. துரு, தான் தின்ற இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் சிமென்ட் பிளந்து விழுகிறது.

சரியான முறை இது. முதலில் பால்கனிக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். சிறிய சுத்தியலால் முழுப் பரப்பையும் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலிக்கும் இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் பழுதைவிட வட்டம் பெரிதாக வரும். அந்த அளவுக்கு வெட்டுங்கள். கம்பியின் முன்பக்கம் மட்டும் கொத்தினால் போதாது; கம்பிக்குப் பின்னால் 20 முதல் 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் வேண்டும். துரு இல்லாத கம்பி தெரியும் வரை நீளவாக்கில் போங்கள். கம்பியைச் சுற்றிலும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த அன்றே துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த ரிப்பேர் கலவையை வைக்க வேண்டும். கம்பி மெலிந்து ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தால் புதுக் கம்பி சேர்த்தாக வேண்டும். ஓரத்தில் மறுபடி பெயராமல் இருக்க, வெட்டிய விளிம்பை ஒட்டிக் கம்பியில் கட்டும் துத்தநாகக் கட்டிகள் கிடைக்கின்றன. கம்பிக்குப் பதிலாக அவை கரையும். அவற்றைக் கட்டும் இடத்தில் மட்டும் கம்பிக்குப் பிரைமர் அடிக்கக் கூடாது. உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் கரண்ட் ஓடும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். சுவரிலிருந்து நீட்டி நிற்கும் பால்கனியில் பாரத்தைத் தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கிறது. கீழே தெரிவது துணைக் கம்பி. கீழே பூசிவிட்டு நிம்மதியாக இருந்தால், மேலே டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர் முக்கியக் கம்பியைத் தின்றுகொண்டிருக்கும். சுவரும் பால்கனித் தளமும் சேரும் கோட்டில் மேற்புறம் விரிசல் இருந்தால் அங்கே யாரும் நிற்க வேண்டாம். கட்டமைப்புப் பொறியாளர் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கேள்வி: போர்வெல்லில் முன்பு நல்ல தண்ணீர் வந்தது, இப்போது உப்புக் கரிக்கிறது. இன்னும் 50 அடி ஆழம் இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்கிறார்கள். இறக்கலாமா?

பதில்: வேண்டாம். கடலோர மணலில் பெரும்பாலும் நடப்பது நேர் எதிர். நல்ல தண்ணீர் எடை குறைந்தது. உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும். கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் கண்ட கணக்கு இது. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: நாம் உறிஞ்சி மேலே நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், கீழே 20 மீட்டர் உப்பு ஏற வழி செய்கிறோம். ஒரே நாளில் ஏறாது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

போர் குழாயின் நேர் கீழே உப்பு கூம்பு போல எழும்பும். குதிரைசக்தி அதிகமான மோட்டார் போட்டு ஒரு மணி நேரம் உறிஞ்சினால் கூம்பு குழாயைத் தொட்டுவிடும். அதே தண்ணீரைச் சின்ன மோட்டாரில் நான்கைந்து தவணையாக எடுத்தால் தொடாமல் போகலாம். எனவே முதல் வேலை, போர் அடிப்பகுதியைக் களிமண்ணோ சிமென்ட்டோ போட்டு அடைத்து மட்டத்தை உயர்த்த முடியுமா என்று பாருங்கள். இரண்டாவது, மோட்டாரைச் சிறிதாக்குங்கள். மூன்றாவது, மழைநீரைக் குழி வெட்டி நிலத்துக்குள் இறக்குங்கள். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். வழியில் போனது போக 800 லிட்டராவது குழிக்கு வரும். ஒரு வீடு மட்டும் செய்தால் அது பக்கத்து வீட்டு மோட்டாருக்குப் போய்விடும். தெருவே சேர்ந்து செய்தால்தான் மட்டம் ஏறும்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று சங்கத்தில் வாங்கி வையுங்கள். மாதம் ஒருநாள், மோட்டார் ஓட ஆரம்பித்த 5ஆவது நிமிடத்திலும் 30ஆவது நிமிடத்திலும் அளந்து குறியுங்கள். இரண்டுக்கும் இடையே எண் ஏறினால் கூம்பு எழும்புகிறது என்று அர்த்தம். இரண்டும் ஒரேபோல் அதிகமாக இருந்தால் அந்தப் பகுதி முழுவதும் உப்பு வந்துவிட்டது.

கேள்வி: அப்படியானால் சாஃப்ட்னர் போட்டால் உப்பு போய்விடுமா, சார்?

பதில்: போகாது. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைத் தருகிறது. சோப்பு நுரைக்கும், குழாயில் படிவு குறையும். உப்புக் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பை எடுப்பது ஆர்ஓ. அதன் கழிவுத் தண்ணீர் உள்ளே வந்ததைவிட உப்பானது, அதைச் செடிக்கோ மழைநீர்க் குழிக்கோ விடாதீர்கள்.

எவ்வளவு உப்பு என்றால் அதிகம் என்பதற்கு ஒரு கணக்கு: கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு. 98 லிட்டர் நல்ல தண்ணீரில் 2 லிட்டர் கடல்நீர் கலந்தாலே அது 380. நாக்குக்கு 250 தாண்டினாலே கரிப்புத் தெரிய ஆரம்பிக்கும்.

கேள்வி: மழையே இல்லை. ஆனால் தெருக்கோடியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. குடிநீர்க் குழாய் உடைப்பு என்று ஒருவர், சாக்கடை அடைப்பு என்று ஒருவர்.

பதில்: பதினைந்து நாள் என்றதுமே நாள்காட்டியை எடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றம், உயரும். உச்சம் பெரும்பாலும் அதற்கு ஓரிரு நாள் கழித்து. மழைநீர் வடிகாலின் வாய் கடலிலோ கழிமுகத்திலோ திறந்திருந்தால் அதே வழியாகத் தண்ணீர் திரும்பி வரும். சண்டை போடாமல் தீர்க்க ஒரு வழி: தேங்கிய தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் அளங்கள். பல்லாயிரத்தில் காட்டினால் கடல். வீட்டுக் குழாய்த் தண்ணீருக்குச் சமமாக இருந்தால் குழாய் உடைப்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட எண் காட்டி, நாற்றமும் அடித்தால் சாக்கடை.

கடல்தான் என்றால், நான்கு முறையாவது தண்ணீர் ஏறத் தொடங்கிய நேரத்தையும் வடிந்த நேரத்தையும் எழுதுங்கள். ஒரே கம்பத்தில் குறி போட்டு உயரத்தையும் படம் எடுங்கள். ஓத அட்டவணையோடு ஒட்டிப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவது தெரியும். “தண்ணீர் நிற்கிறது” என்ற மனு குப்பைக்குப் போகலாம்; இந்தத் தாள் இணைத்த மனுவை ஒரு பொறியாளர் ஒதுக்குவது கஷ்டம்.

கேட்க வேண்டியது வடிகால் வாயில் ஒருவழி மூடி. உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் மூடும். மாட்டியதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இடுக்கில் மாட்டினாலே அது மூடாது. மணல் குவிந்தால் திறக்காது. மாதம் ஒருமுறை, ஓதம் இறங்கிய நேரத்தில் ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். இன்னொன்று, கனமழையும் உயர் ஓதமும் ஒன்றாக வந்தால் மூடி திறக்காமலே இருக்கும், மழைத்தண்ணீர் உள்ளே தேங்கும். அதற்கு பம்ப் இல்லாமல் தீர்வு இல்லை.

கேள்வி: ஏசி வெளி யூனிட் மூன்றே வருடத்தில் அரித்துக் கேஸ் போய்விட்டது. கவர் போட்டு மூடி வைக்கலாமா?

பதில்: ஓடாத மாதங்களில்கூட மூட வேண்டாம், உப்பும் ஈரமும் உள்ளேயே அடைபடும். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் கரையும். மெயினை அணைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரைப் பூவாளி போல மெதுவாக விட்டுக் கழுவுங்கள். பைக் கழுவும் பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு மடங்கிவிடும். மழை படும் இடத்தில் இருக்கும் யூனிட் அதிக நாள் வரும். சன்ஷேடுக்கு அடியில், மழை படாமல் உப்புக் காற்று மட்டும் படும் யூனிட்தான் சீக்கிரம் போகும். பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்.

கேள்வி: கேட்டுக்கும் கிரில்லுக்கும் வருடாவருடம் பெயின்ட் அடிக்கிறோம். ஆறு மாதத்தில் கொப்புளம்.

பதில்: உப்பின்மேல் பெயின்ட் அடிக்கிறீர்கள். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையும். பெயின்ட்டுக்கு அடியில் அது நடந்தால் கொப்புளம். சாயங்காலம் கம்பி பிசுபிசுப்பதும் இதனால்தான். துருவைச் சுரண்டிய பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, காய்ந்ததும் அன்றே எபாக்சி பிரைமர். மூலை, வெல்டிங், போல்ட் தலை இவற்றுக்கு முதலில் தனியாக ஒரு கோட் தூரிகையால். அங்கேதான் பெயின்ட் மெலிதாகத் தங்கும். எவர்சில்வர் வாங்கினால் 304 என்ற ரகம் பழுப்புக் கறை பிடிக்கும், 316 ரகம் கேளுங்கள். இரும்பு நாரால் தேய்த்தால் எந்த ரகமும் கறை பிடிக்கும்.

கேள்வி: பிள்ளைகள் குளிக்கும் இடத்தில் அலையே இல்லாத அமைதியான பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே விடலாமா?

பதில்: அம்மா, அங்கேதான் விடக் கூடாது. இருபுறமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் உடையாமல் தண்ணீர் கலங்கலாக, நுரை கடலுக்குள் போவதுபோல் தெரிந்தால் அது இழுப்பு. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால். அது ஆளை அடியில் இழுக்காது, வெளியே கொண்டுபோகும்; எதிர்த்து நீந்திக் களைத்துத்தான் மூழ்குகிறார்கள். மாட்டினால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, பிறகு கரைக்கு.

கரையில் இருப்பவர் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. மூடி இறுகிய காலி 20 லிட்டர் கேன் ஒன்று, அதன் பிடியில் 30 மீட்டர் கயிறு. தெருமுனையில் தொங்கவிடுங்கள், பூட்டுப் போடாமல்.

கேள்வி: மழைக்காலத்துக்கு முன் செப்டிக் டேங்கை முழுக்கக் காலி செய்வது நல்லதுதானே?

பதில்: நிலத்தடி நீர்மட்டம் ஏறும் முன் செய்தால் நல்லது, செய்ததும் நல்ல தண்ணீரை நிரப்பிவிடுங்கள். நிலத்தடி நீர் உயர்ந்த பிறகு காலி செய்தால் வெற்றுத் தொட்டி படகு போல மேலே எழும்பி, குழாய் முறியும்.

கேள்வி: கரை அரிக்கிறது. நம் தெருவுக்கு முன்னால் தூண்டில் வளைவு போடச் சொல்லி மனு தரலாமா?

பதில்: கையெழுத்துப் போடும் முன் மணல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேளுங்கள். தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கல் நீட்டினால் மணல் வரும் பக்கம் கரை வளரும். அடுத்த பக்கம் மணல் கிடைக்காமல் அரிக்கும். அடுத்த பக்கம் இருப்பது இன்னொரு தெரு. அவர்களும் கல் கேட்பார்கள், அவர்களுக்கு அடுத்தவரும் கேட்பார். நம் கரையோரத்தில் பக்கத்தில் எங்காவது ஏற்கெனவே கல் போட்டிருப்பதுதான் அரிப்புக்குக் காரணமாக இருக்கலாம். நம் கையில் இருப்பது மணல்மேடு. அடும்புக்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் “சுத்தம்” என்று பிடுங்குவதை நிறுத்துங்கள். மணலைப் பிடித்து வைப்பது அவைதான். கடற்கரைக்கு ஒரே பாதை விட்டு, மற்ற இடத்தில் கால்படாமல் கயிறு கட்டுங்கள்.

கேள்வி: புயலில் கடல்நீர் கிணற்றுக்குள் வந்துவிட்டால் உடனே இறைத்துவிட வேண்டும், சரியா?

பதில்: உள்ளே நிற்கும் தண்ணீரையும் சேற்றையும் ஒருமுறை மெதுவாக இறைக்கலாம், அவ்வளவே. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல கிணறுகளில் அது கீழிருந்த உப்பை மேலே இழுத்தது. மண்ணில் இறங்கிய உப்பை மழைதான் கழுவி இறக்க வேண்டும். ஒரு மழைக்காலமாவது குடிக்க வேறு தண்ணீர் பாருங்கள், கிணற்றின் டிடிஎஸ்ஸை வாரம் ஒருமுறை அளந்து வாருங்கள். கடல்நீர் ஏறிய சுவிட்ச்போர்டைக் காயவைத்துப் போடாதீர்கள், மாற்றுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.