அண்ணன் கடனுக்கு ஜாமீன் போட்டேன். என் வீட்டுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது

கேள்வி: என் அண்ணன் கடைகள் கட்டி வாடகைக்கு விடுகிறார். தொழிலுக்காக 2019இல் வங்கியில் 40 லட்சம் ரூபாய்க்கு ஓ.டி. (வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, திருப்பிக் கட்டும் கடன்) வாங்கினார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, என் வீட்டுப் பத்திரத்தையும் கொடுத்தேன். 2022இல் வரம்பை 65 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். அப்போது என்னிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. இப்போது 71 லட்சத்தை 60 நாளுக்குள் கட்டச் சொல்லி என் பெயருக்கே நோட்டீஸ் வந்திருக்கிறது. "கடன் வாங்கியவனிடம் வசூலித்துப் பார்த்த பிறகுதான் உன்னிடம் வரமுடியும், பதிலே போடாதே" என்கிறார்கள் உறவினர்கள். வீட்டை மகள் பெயருக்குத் தானமாக எழுதிவிடலாமா?

பதில்: தானப் பத்திர யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். உங்களுக்கு வந்திருப்பது, அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி தரும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ். அது வந்த பிறகு, வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அடமானச் சொத்தை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, வேறு வகையில் மாற்றவோ அதே சட்டத்தின் 13(13) பிரிவு தடை போடுகிறது. பெயரை மாற்றினாலும் அடமானம் வீட்டோடுதான் போகும். மகளுக்கு நீங்கள் கொடுப்பது வீடாக இருக்காது, வழக்காக இருக்கும்.

உறவினர்கள் சொல்வதும் சரியல்ல. கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ, ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவு என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128. கடனாளியிடம் முதலில் வசூலித்துவிட்டு வா என்று ஜாமீன்தாரர் சொல்ல முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1969இலேயே தீர்த்துவிட்டது. சர்ஃபாசி சட்டத்தில் 'கடன் பெற்றவர்' என்ற விளக்கத்துக்குள்ளேயே ஜாமீன்தாரரும் அடக்கம். தபாலை வாங்க மறுத்தாலும் சட்டப்படி அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும்.

உங்களுக்கு உண்மையான பலம் 2022இல் நடந்த விஷயத்தில்தான் இருக்கிறது. ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனையை மாற்றினால், அந்த மாற்றத்துக்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பில்லை என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 133ஆவது பிரிவு. முழுக் கடனிலிருந்தும் விடுபட்டுவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். பழைய பகுதி நிற்கும்.

இங்கே மூன்று காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். முதலாவது, நீங்கள் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரம். அதன் நகலை வங்கியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பெரும்பாலான வங்கிகளின் அச்சிட்ட படிவத்தில், 'வரம்பை உயர்த்தினாலும், தவணையை மாற்றினாலும் என் சம்மதம் தேவையில்லை' என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். இப்படி உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் அதே பத்திரத்தில் ஜாமீன் தொகை 40 லட்சம் என்று எழுதியிருந்தால், அந்தத் தொகைக்கும் அதற்கான வட்டி, செலவுக்கும் மேல் உங்களிடம் எந்த ஆதாரத்தில் கேட்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

இரண்டாவது, வீட்டின் வில்லங்கச் சான்று. பத்திர ஒப்படைப்பு ஆவணம் 2019இல் பதிவாகியிருந்தால் அதில் தொகை தெரியும். 2022இல் கூடுதல் தொகைக்குப் புதிய பதிவு ஏதும் இல்லையென்றால், வங்கியும் உங்களிடம் வரவில்லை என்பதற்கு அதுவே நல்ல சாட்சி.

மூன்றாவதைத்தான் பலரும் பார்ப்பதே இல்லை: 2019 முதல் இன்றுவரையிலான கணக்கு விவரம். ஓ.டி. கணக்கில் பணம் வரும், போகும். எந்தக் கடனுக்கான பணம் என்று இரு தரப்பும் குறிக்காதபோது, வரவு பழைய பாக்கியிலிருந்து கழியும் என்கிறது ஒப்பந்தச் சட்டம், பிரிவு 61. வரம்பு உயர்ந்த நாளில் நிலுவை 38 லட்சம் இருந்து, அதன்பிறகு அண்ணன் அதைவிட அதிகமாகக் கட்டியிருந்தால், உங்கள் காலத்துக் கடன் தீர்ந்துவிட்டது என்று வாதிடலாம். ஜாமீன் பத்திர வாசகம் இதற்குக் குறுக்கே நிற்கலாம்; அதனால்தான் முதல் காகிதம் அவசியம்.

அண்ணனின் கடைகளும் அடமானத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால், வங்கிக்குக் கட்டித் தீர்க்கும் அளவில் அந்தப் பிணையின் மேல் வங்கிக்கு உள்ள உரிமை உங்களுக்கு வரும். உங்கள் சம்மதமின்றி வங்கி அதை விடுவித்திருந்தால், அதன் மதிப்பளவு உங்கள் பொறுப்பு குறையும். இதைப் பிரிவு 141 சொல்கிறது.

இவற்றையெல்லாம் வைத்து, 60 நாளுக்குள் ஆட்சேபணைக் கடிதத்தை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) பதிவு வசதியோடு அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டியது வங்கியின் கடமை. இந்தக் கட்டத்தில் வழக்குப் போட முடியாது. சிவில் நீதிமன்றம் தடை உத்தரவு தரவும் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வீட்டுக் கதவில் சுவாதீன அறிவிப்பு (வீட்டை வங்கி தன்வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் நோட்டீஸ்) ஒட்டிவிட்டார்கள் என்றால், அந்த நடவடிக்கை நடந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒட்டிய நாளைப் படம் எடுத்து வையுங்கள். அந்த 45 நாளைத் தவறவிட்டு வந்தவர்களைக் காப்பாற்றுவது மிகக் கடினமாக இருந்திருக்கிறது.

பணம் கட்டி வீட்டை மீட்கும் உரிமையும் ஏலம் முடியும் வரை நீடிக்காது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதிசெய்தது. ஒருமுறைத் தீர்வு, அதாவது பேசிக் குறைத்த தொகையைக் கட்டிக் கணக்கை முடிக்கும் ஏற்பாடு, கேட்டுப் பார்க்கலாம். அதை உரிமையாகக் கோர முடியாது என்று 2021இல் தீர்ப்பு இருக்கிறது. எனவே பேச்சோடு நிற்காமல், ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள்.

அப்படிக் கட்டும்போது பணம் உங்கள் கணக்கிலிருந்தே போகட்டும். அண்ணன் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 'ஜாமீன்தாரர் செலுத்தியது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். நீங்கள் நியாயமாகக் கட்டியதை அண்ணனிடம் திருப்பிக் கேட்கும் உரிமையை 145ஆவது பிரிவு உங்களுக்குத் தருகிறது. அந்த ரசீதுதான் அதற்கு ஆதாரம்.