போர்ட்டோவில் குளிர்காலத்தில் 13 டிகிரிதானே, ஏன் அவ்வளவு குளிர்கிறது?

போர்ச்சுகலின் டோரோ ஆற்றங்கரை நகரமான போர்ட்டோவுக்கு டிசம்பர், ஜனவரியில் போகிற பலரும் கேட்பது இது. காரணம் ஈரக்குளிர். வெப்பநிலை அதிகம் இறங்காவிட்டாலும், மழையிலும் ஈரக்காற்றிலும் ஈரமாகிற உடை உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஈரத்துண்டோடு மின்விசிறிக்கு அடியில் நின்றால் நடுங்குமே, அதேதான்.

பக்கத்திலேயே அட்லாண்டிக் கடல். அது நகரத்தை உறையவிடாது. பகலில் 13, 14 டிகிரி இருக்கும். ஆனால் மழையை அனுப்புவதும் அதே கடல்தான். அப்புறம், ரிபெய்ரா பகுதியின் பழைய கருங்கல் வீடுகள்! பலவற்றில் அறையைச் சூடாக்க சரியான வசதி கிடையாது. சில நேரம் வெளியைவிட உள்ளேதான் அதிகம் குளிரும். அறை பதிவு செய்யும்போது ஹீட்டர் உண்டா என்று முதலில் கேளுங்கள்; ஜன்னலில் ஆறு தெரியுமா என்பதெல்லாம் பிறகு.

மழை வந்தால் சாவ் பென்ட்டு ரயில் நிலையத்தில் ஒதுங்கலாம். சுமார் 20,000 ஓவிய ஓடுகள் பதித்த சுவர்கள் அங்கே உண்டு. மழை விட்டதும் 1886இல் திறந்த முதலாம் லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில் நடக்கலாம்.

ஐரோப்பியக் குளிர்காலம் என்றாலே பனிப்பொழிவு என்று நினைத்துப் பெட்டி கட்டாதீர்கள்: போர்ட்டோவில் அது மிக அபூர்வம், மழை புகாத மேல்கோட்டும் வழுக்காத ஷூவும்தான் தேவை.