சான்சாவை வளர்த்தது யார்?

கேள்வி: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் ராணிகள், வீராங்கனைகள் என்று பெண்கள்தான் கதையை நடத்துகிறார்கள். பிறகு ஏன் அது பெண்களைத் தவறாகக் காட்டுகிறது என்கிறார்கள்? கொடுமைகள் எல்லாம் அந்தக் காலத்து நடப்புதானே?
— வாசகர் ஒருவர், மூணாறு

பதில்: எந்தக் காலத்து நடப்பு? டிராகன் பறக்கிற, செத்தவன் எழுந்து நடக்கிற நாட்டுக்கு வரலாறு ஏது? அங்கே நடப்பதெல்லாம் எழுதியவர்கள் தேர்ந்தெடுத்தது.

வீராங்கனை பிரியெனுக்கு ‘நைட்’ என்ற போர்வீரர் பட்டம் கொடுக்கும் காட்சியில் நானும் கண் கலங்கினேன். நல்ல பாத்திரங்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. என் கோபம், ஸ்டார்க் என்ற பிரபு குடும்பத்துப் பெண் சான்சா விஷயத்தில். 2015-இல் வந்த ஐந்தாவது சீசனில், திருமண இரவில் கணவன் ராம்சே அவளைப் பலாத்காரம் செய்கிறான். மூல நாவலில் அவனுக்குக் கட்டிவைக்கப்படுவது வேறொரு பெண். தொடர்காரர்கள்தான் சான்சாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் அவள் பக்கமாவது நின்றார்களா? கேமரா திரும்புவது, பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்ட, அவள் வீட்டிலேயே வளர்ந்த தியோனின் முகத்துக்கு. மொத்தம் 73 எபிசோடில் ஒரு பெண் இயக்கியவை நான்கே, நான்கும் மிஷெல் மெக்லாரன் ஒருவரே இயக்கியவை. ஐந்தாவது சீசன் தொடங்கி அதுவும் இல்லை.

அப்புறம் கடைசி சீசனில், அந்தக் கொடுமைக்காரர்கள் இல்லாவிட்டால் நான் சின்னப் பறவையாகவே இருந்திருப்பேன் என்ற பொருளில் அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதே 2015 செப்டம்பரில் உங்கள் ஊரில் கொழுந்து கிள்ளுகிற தமிழ்ப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவைத்துவிட்டு, 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்களே, பொம்பிளை ஒருமை என்று நாடே பேசியதே! லயத்து வீடுகளில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? பாடு படுத்தியவர்கள்தான் எங்களை ஆளாக்கினார்கள் என்றா சொன்னார்கள்? கணக்குக் கேட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணை நம்பிக் கேட்டார்கள். சான்சாவும் ராணி செர்சியைப் பார்த்து அரண்மனை அரசியலைக் கற்றவள், ஆறாவது சீசனில் ‘வேல்’ (Vale) என்ற பகுதியின் படையை வரவழைத்துத் தோற்கவிருந்த போரைத் திருப்பியவள். அவள் புத்திக்குச் சேர வேண்டிய பெயரை ஏன் ராம்சேக்குக் கொடுக்க வேண்டும்?

டிராகன் ராணி டெனேரிஸின் தோழி மிசாண்டேயின் கதை இன்னும் மோசம். அடிமையாக இருந்து விடுதலையானவள், கையில் விலங்கோடு சாகிறாள், டெனேரிஸுக்கு வெறி ஏற வேண்டும் என்பதற்காக மட்டும்.

டெனேரிஸ் நகரை எரித்தது எனக்குப் பிரச்சினையே இல்லை. ஊரை எரித்த பெண்ணுக்கு உங்கள் மாவட்டத்திலேயே, குமுளிக்கு மேலே மங்கலதேவியில் கோயில் இருக்கிறது, சித்திரா பௌர்ணமிக்கு இரண்டு மாநிலத்துச் சனமும் மலையேறுகிறது. ஆனால் இளங்கோ கண்ணகியை அரசன் முன்னால் நிறுத்தி வழக்காட விடுகிறார், சிலம்பை உடைத்துக் காட்ட வைக்கிறார். மதுரை எரியும்போதும் முதியவர், குழந்தைகளை விட்டுவிடு என்று தீக்கு ஆணையிடுகிறவளும் அவளே. டெனேரிஸுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மணி அடித்து நகரம் சரணடைந்த பிறகு அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு டிராகனைப் பறக்க விடுகிறார்கள், அந்த எபிசோடு முடியும்வரை அவள் முகத்தை நாம் மறுபடி பார்ப்பதில்லை. அடுத்த எபிசோடில் அவளை என்ன செய்வது என்பதை, அவளுக்கு ஆலோசகனாக இருந்த டிரியனும் காதலன் ஜானும், டிரியனை அடைத்துவைத்த அறையில் இரண்டு ஆண்களாகப் பேசி முடித்துவிடுகிறார்கள்.